கேட்டுத் தூணில் வெள்ளைக் கோடு

நான் இயல்பிலேயே பயந்தாங்கொள்ளி. பல்லி விழுந்தால் அலறுவேன், தபால்காரர் கேட்டைத் தட்டினால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வேன். இதை என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். சிரிக்கட்டும். சுங்கை பட்டாணியில் எங்கள் தாமான் குடியிருப்புக்குள் ஒரு வாரம் இருந்து பார்த்தால் யாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கமாட்டார்கள்.

எங்கள் தாமானில் வீடுகள் ஒரே வரிசையாக, சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும். ஒரே கேட், ஒரே தூண், ஒரே ஓடு, ஒரே பழுப்பு நிறம். கட்டியவருக்கு வேறு வீடு கட்டத் தெரியாதோ என்று தோன்றும். மெர்போக் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் காலமெல்லாம் பால்மரம் வெட்டிய என் வீட்டுக்காரர், குடிவந்த அன்று நடுத்தெருவில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார். "எல்லாம் நெரை மரம் மாரியே நிக்குது" என்றார். மரங்கள் வரிசையாக நிற்பதைத்தான் தோட்டத்தில் நெரை என்பார்கள். நான் பாத்திர மூட்டையைச் சுமந்துகொண்டிருந்தேன். மரத்தைப் பிறகு ரசிக்கலாம், கேட்டைத் திறங்கள் என்றேன்.

வீட்டிலிருந்தே பிளவுஸ் தைப்பது என் பிழைப்பு. பகலெல்லாம் கூடத்தில் தையல் மெஷினோடு உட்கார்ந்திருப்பேன். அதனால் தெருவில் யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. அப்படியிருந்தும் பட்டப்பகலில் பின்தெருவில் ஒரு வீட்டை உடைத்துவிட்டார்கள். கிரில் பூட்டை அறுத்து, டிவியைக்கூடக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். அதன் பிறகு எங்கள் தாமான் வாட்ஸ்அப் குழு தூங்கவே இல்லை. யாரோ எங்கிருந்தோ வந்த ஒரு செய்தியைப் போட்டார்கள். திருடர்கள் முதலில் வேவு பார்ப்பார்களாம், வசதியான வீட்டின் தூணில் வெள்ளைக் கோடு போட்டுவைப்பார்களாம், பிறகு ஆட்கள் வந்து வேலையை முடிப்பார்களாம்.

அன்று இரவு நான் வாசல் விளக்கை அணைக்கவே இல்லை. அடுத்த நாளே எதிர்வீட்டம்மா ஓடி வந்தார்.

"அக்கா, ஒங்க தூணப் பாத்தீங்களா இல்லயா? குரூப்ல போட்டாங்களே, அதே மாரி கோடு லா!"

போய்ப் பார்த்தேன். கேட்டின் வலப்பக்கத் தூணில், இடுப்பு உயரத்தில், சாய்வாக இரண்டு வெள்ளைக் கோடுகள். அழுத்தி இழுத்தவை. தெருவில் இத்தனை வீடுகள் இருக்க, எங்கள் வீட்டில் என்ன இருக்கிறது? ஒரு பழைய மெஷின், ஊரார் பிளவுஸ்துணி, வயதான இரண்டு பேர். அந்த இரண்டு பேரைப் பார்த்துத்தான் போட்டிருப்பார்கள் என்று எதிர்வீட்டம்மா ஆறுதல் சொன்னார்.

தேங்காய் நாரும் சோப்புத் தண்ணீரும் கொண்டுவந்து தேய்த்தேன். காலை டீ குடிக்கப் போயிருந்த என் வீட்டுக்காரர் அப்போதுதான் திரும்பி வந்தார். ஈரத் தூணைக் குனிந்து பார்த்தார்.

"ஏன் அழிக்கிற?"

"திருடன் போட்ட குறி. பொட்டு வச்சுப் பூப்போட்டுக் கும்புடச் சொல்றீங்களா?"

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

மறுநாள் கோடு மறுபடியும் இருந்தது. அதே இடம், அதே சாய்வு. அழித்தேன். மறுபடியும் வந்தது. எவனோ தினமும் என் வாசல்வரை வந்து போகிறான், என் கண்ணிலோ படுவதில்லை. அந்த நினைப்பே என்னைத் தின்றது. கிரில்லில் இன்னொரு பூட்டுப் போட்டேன். ஜன்னலை மூடிப் புழுக்கத்தில் வெந்தேன். உள்ளே ஆள் இருப்பது தெரியட்டும் என்று டிவியை அலறவிட்டேன். பிளவுஸ் கொடுக்க வந்தவர்களை உள்ளே விடாமல், கிரில் இடுக்கில் கையை நீட்டச் சொல்லி அளவெடுத்தேன். ஒருத்தி "என்னக்கா, ஜெயில்லயா இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனாள். தினமும் ஹார்ன் அடித்துக்கொண்டு மோட்டாரில் வரும் ரொட்டிக்காரனைக்கூடச் சந்தேகப்பட்டேன். பாவம், அவனிடம் எத்தனை வருடமாக ரொட்டி வாங்குகிறேன். பயத்தில் வேலையும் ஓடவில்லை. துணியில் கோடு போடும் வெள்ளைச் சாக்கட்டிகூட எங்கே வைத்தேன் என்று தெரியாமல் புதிதாக வாங்கினேன்.

வீட்டுக்காரர் மட்டும் எதற்கும் அசைந்துகொடுக்கவில்லை. காலையும் சாயங்காலமும் தெருமுனையைத் தாண்டியிருக்கும் கடைக்கு டீக்குப் போவார், வருவார். வரத்தான் முன்னைவிட நேரமானது. கேட்டால் பழைய சிநேகிதரைப் பார்த்தேன் என்பார். ஒருநாள் செருப்பை மாட்டிக்கொண்டே, "நா திரும்பி வர்றப்போ கொஞ்சம் வெளிய வந்து நில்லேன்" என்றார்.

"நீங்க என்ன புது மாப்பிள்ளையா, வாசல்ல நின்னு ஆலாத்தி எடுக்க? நா வெளிய நின்னா உள்ள எவன் புகுவானோ!"

அவர் சிரித்துவிட்டுப் போனார். நானும் சிரித்தேன். பூட்டை மட்டும் இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன்.

கடைசியில் எதிர்வீட்டம்மாதான் வழி சொன்னார், தூணுக்குப் புதுப் பெயிண்ட் அடித்துவிடுங்கள் என்று. ஈரப் பெயிண்ட்டில் எந்தத் திருடன் கோடு போடுவான்? அது எனக்கும் சரியென்று பட்டது. ஒருநாள் காலை வீட்டுக்காரர் டீக்குக் கிளம்பியதும், அதே பழுப்பு நிறத்தில் இரண்டு தூணுக்கும் பளபளவென்று அடித்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தேன். அன்றைக்குத்தான் கொஞ்சம் நிம்மதியாக மெஷினில் உட்கார்ந்தேன்.

வெயில் ஏறியது. அவர் வரவில்லை. சிநேகிதரோடு அரட்டை என்று நினைத்து முதலில் எரிச்சல்பட்டேன். பிறகு எழுந்துபோய் ஜன்னலைத் திறந்து தெருவைப் பார்த்தேன். அப்போது போன் விடாமல் அடித்தது. குழுவில் செய்தி: பின்தெருவில் திருடன் பிடிபட்டான், எல்லாரும் வாங்க. கீழே ஒரு படம். கேட்டில் ஒருவரைச் சாய்த்து, கையை முதுகுக்குப் பின்னால் முறுக்கிப் பிடித்திருந்தார்கள். முகம் தெரியவில்லை. நீலக் கோடு போட்ட சட்டை, தோளில் ஒட்டு.

அந்த ஒட்டு நான் போட்டது. துணி போதாமல் கோட்டைக் குறுக்காக வைத்துத் தைத்தது. வேறு யாருக்கும் தெரியாது, எனக்குத் தெரியும்.

எப்படி ஓடினேன் என்று இன்றைக்கும் நினைவில்லை. கிரில் திறந்து கிடந்தது, கேட் திறந்து கிடந்தது. அடிக்கிறார்களோ, அடித்துவிட்டார்களோ, அவருக்கு அடி தாங்காதே என்று மட்டும் வாய் சொல்லிக்கொண்டே வந்தது. இத்தனை நாளும் நான் பயம் என்று நினைத்ததெல்லாம் பயமே இல்லை.

பின்தெருவில் கூட்டம். "திருடன் இல்ல, ஐயோ, எங்க வீட்டுக்காரரு!" என்று கத்திக்கொண்டே உள்ளே புகுந்தேன். பிடித்திருந்த பையன் சட்டென்று கையை விட்டான். "சாவி போட்டுக் கேட்டத் தொறக்கப் பாத்தாரு ஆன்ட்டி. கேட்டா ஒண்ணுமே பேசல" என்றான். அந்த வீட்டு மலாய்க்கார அக்கா ஒரு கிளாஸ் தண்ணீரோடு வெளியே வந்தார். "சாலா ருமா" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். வீடு மாறி வந்துவிட்டார் என்று அர்த்தம். இதை அந்தக் கூட்டத்தில் முதலில் புரிந்துகொண்டவர் அவர்தான்.

என் வீட்டுக்காரர் சாவியை இறுக்கிப் பிடித்திருந்தார். சட்டைக் கை கிழிந்திருந்தது. என்னைப் பார்த்ததும் அவர் முகம் சின்னப் பிள்ளை முகம் மாதிரி ஆனது.

"கோட்டக் காணோம்" என்றார். "ஒவ்வொரு தூணாப் பாத்துட்டு வந்தேன். எங்கயும் கோடு இல்ல."

அவர் சட்டைப் பையில் என் சாக்கட்டி இருந்தது.

பால்மரக் காட்டில் எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி மரம். இருட்டோடு போகிறவன் தன் நெரை எங்கே தொடங்குகிறது என்று தெரிந்துகொள்ள, முதல் மரத்தில் கை படுகிற உயரத்தில் ஒரு கோடு போட்டு வைப்பான். கல்யாணமான புதிதில் அவரே எனக்குச் சொன்னதுதான். தன் வீடு தனக்கு மறந்துபோகிறது என்பதை என்னிடம் சொல்ல வெட்கப்பட்டு, அவர் தனக்குத் தெரிந்த வழியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நானோ திருடனைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அவர் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கேட் திறந்தபடியே இருந்தது. உள்ளே எல்லாம் வைத்தது வைத்த இடத்தில் இருந்தது. குழுவில் படத்தை அழித்துவிட்டு யார் யாரோ மன்னிப்புக் கேட்டிருந்தார்கள். நான் பதில் போடவில்லை. பெனாங்கில் இருக்கும் மகளுக்குப் போன் செய்து, டாக்டரிடம் கூட்டிப்போகவேண்டும் வா என்றேன்.

சாயங்காலம் அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கூடத்தில் நின்றார்.

"டீக்குப் போவட்டா?"

இந்த மனிதர் வாழ்நாளில் என்னிடம் எதற்கும் அனுமதி கேட்டதில்லை. கூடவே வருகிறேன் என்று நாக்கு நுனிவரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். "போய்ட்டு வாங்க" என்றேன்.

அவர் முனை திரும்பியதும் சாக்கட்டியை எடுத்துக்கொண்டு தூணிடம் போனேன். பெயிண்ட் இன்னும் பிசுபிசுத்தது. கோடு நிற்கவில்லை, சாக்கட்டிதான் பழுப்பானது. எதிர்வீட்டம்மா கிரில்லுக்குள்ளிருந்து, "இருட்டப் போவுது அக்கா, உள்ள போய்ப் பூட்டிக்குங்க" என்றார். நான் அசையவில்லை. தெருமுனையையே பார்த்துக்கொண்டு நின்றேன். வருவாரா, வந்தால் இந்தப் பக்கம் திரும்புவாரா என்று மனசு அடித்துக்கொண்டே இருந்தது.

வந்தார். ஒவ்வொரு தூணையும் குனிந்து பார்த்துக்கொண்டே மெதுவாக வந்தார். எங்களுக்கு இரண்டு வீடு முன்னால் நின்று சட்டைப் பையில் சாவியைத் துழாவினார். கூப்பிட வாயெடுத்தேன். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது, கூப்பிடவில்லை. அவர் நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார். சாவியைப் பையிலேயே விட்டுவிட்டு நடந்து வந்து, தூணை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தார்.

"இன்னும் காயலியா?"

"காயல. காயிற வரைக்கும் நா நிக்கிறேன்" என்றேன்.