தயாபரன் ருசி பார்க்காத பியர்

என் தங்கச்சி புருஷன் தயாபரனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுத வேண்டிய கடமை எனக்கு இல்லை. தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருக்கும் எனக்கு அவன் தேடித்தந்த தலைக்குனிவு கொஞ்சநஞ்சமல்ல. ஆனாலும், எங்கள் பக்கத்தில் முதன்முதலாகப் பியர் காய்ச்சியவன் அதில் ஒரு சொட்டைக்கூட நாக்கில் வைத்ததில்லை என்றால் எவரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள். அதனால் எழுதுகிறேன்.

ஒரு காலத்தில் அவன் பெருங்குடிகாரன். ஒரு தீபாவளியன்று ரோட்டோரச் சாக்கடைக் கானுக்குள் குப்புறக் கிடந்தவனை நானும் தங்கச்சி கலாராணியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து லயத்து வரிசை வீட்டுக்கு இழுத்து வந்தோம். அவளுடைய புதுச்சேலை முழுக்கச் சேறு. மறுநாளே அவனைத் தேயிலைத் தொழிற்சாலை வாசலில் இருக்கும் ரோதைமுனி முன்னால் நிறுத்தி, கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்ய வைத்தாள்.

ரோதைமுனி, தொழிற்சாலை இயந்திரங்களுக்குக் காவல் தெய்வம். அவருக்குச் சாராயமும் சுருட்டும்தான் படையல். குடிக்கிற சாமியிடம் போய்க் குடியை விடுவதாகச் சத்தியம் வாங்கலாமா என்று கேட்டேன்.

"குடிக்கிறவருக்குத்தாண்ணே குடிகாரன் கள்ளத்தனம் தெரியும்," என்றாள் அவள்.

அதிசயம், தயாபரன் சத்தியத்தைக் காப்பாற்றினான். ஆனால் அவன் வேலை பார்த்த அந்தத் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். கொழும்பில் ஒரு மளிகைக் கடையில் மூட்டை தூக்கி, மூட்டை மேலேயே தூங்கி, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டும் ஊருக்கு வந்து போனான். அவன் வந்தால் மகள் மதுஷா யாரோ வந்திருப்பதாக நினைத்துக் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள். அதை அவனால் தாங்க முடியவில்லை.

அப்போதுதான் பார்த்தீபன் வந்து சேர்ந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், வெளிநாட்டில் பியர் காய்ச்சப் படித்தவர். தெமோதரைக்கு மேலே பூட்டிக் கிடந்த எங்கள் தொழிற்சாலையை வாடகைக்கு எடுத்து, எல்லவுக்குச் சுற்றுலா வரும் வெள்ளைக்காரர்களை நம்பிச் சின்னதாக ஒரு பியர் ஆலை போட்டார். லைசன்சுக்கு அலைந்ததில் அவருக்குப் பாதித் தலைமுடி போயிற்று. அங்கே வேலை பார்த்த பழைய ஆள் என்று தயாபரனைக் கூப்பிட்டு, பார்லி ஊறவைப்பதிலிருந்து தாங்கி கழுவுவது வரை எல்லாம் பழக்கினார்.

"ருசி பாக்க மட்டும் என்னையக் கூப்புடாதீங்க சார்," என்று முதல் நாளே சொல்லிவிட்டான்.

முதலில் காய்ச்சியது பொன்னிறப் பியர். அவசரப்பட்டுப் போத்தலில் அடைத்ததில், பட்டப்பகலில் போத்தல்கள் ஒவ்வொன்றாக வெடித்தன. எலெக்‌ஷனில் யாரோ வென்றுவிட்டார்கள் என்று லயமே வெளியே வந்து நின்றது. அடுத்தது வறுத்த பார்லியில் கறுப்புப் பியர். அது கெட்டுப் புளித்துப்போக, பன்றிக்கு ஊற்றினார்கள்; பன்றி முகத்தைத் திருப்பிக்கொண்டது. மூன்றாவதில் எங்கள் தோட்டத்துத் தேயிலைச் சாயத்தைச் சேர்த்தார்கள்.

இதற்குள் லயத்தில் பேச்சு கிளம்பிவிட்டது. ரோதைமுனிக்குப் படைக்காமல் இயந்திரத்தைத் தொட்டால் வெடிக்காமல் என்ன செய்யும்? முனி ஏற்றுக்கொள்ளும் வரை உள்ளே கால் வைப்பதில்லை என்று வேலையாட்கள் நின்றுகொண்டார்கள். இதுவும் சரிவராவிட்டால் பூட்டிவிட்டுப் போகப் பார்த்தீபன் தயாராக இருந்தார். பூட்டினால் தயாபரனுக்கு மறுபடியும் கொழும்பு மூட்டைதான்.

அதனால் படையல் வேலையை அவனே இழுத்துப்போட்டுக்கொண்டு செய்தான். சேவல், சுருட்டு, தேங்காய் எல்லாம் வந்தன. சாராயத்துக்குப் பதில் புதுப் பியர். எங்கள் வழக்கப்படி, முனி ஒரு வாய் குடித்துவிட்டு மிச்சத்தைப் படைத்தவன் கையில் கொடுப்பார். அவன் குடித்தால்தான் படையல் சேர்ந்ததாக அர்த்தம். இத்தனை ஓடியாடியவன் அதை மட்டும் மறந்துவிட்டான். படித்த மச்சான் நானும்தான் மறந்தேன்.

முனி இறங்குவது சின்னராசா மேல். மற்ற நாட்களில் நாய் குரைத்தாலே வழியை மாற்றிப் போகிற மனுஷர். அன்றைக்கு உடுக்கை அடித்ததும் எகிறிக் குதித்துக் கிளாசைப் பிடுங்கி ஒரு வாய் குடித்தார். மீசையெல்லாம் நுரை. கூட்டம் மூச்சுவிடாமல் பார்த்தது. பெரிதாக ஓர் ஏப்பம் வந்தது.

"ஏப்பம் விட்டா நல்லதோ மாஸ்டர்?" என்று பார்த்தீபன் என் காதில் கேட்டார்.

"ரொம்ப நல்லதுங்க," என்றேன்.

அதற்குள் முனி கிளாசைத் தயாபரன் முகத்துக்கு நேரே நீட்டினார். "இந்தாடா. குடி!"

தயாபரன் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். "சாமி, குடிக்க மாட்டேன்னு ஒங்க முன்னுக்குத்தானே சத்தியம் பண்ணேன்."

"சத்தியம் வாங்குனதும் நாந்தான். இப்ப குடுக்கிறதும் நாந்தான். குடிடா!"

குடித்தால் சத்தியம் போச்சு, குடிக்காவிட்டால் ஆலை போச்சு. அவன் அழுகிற மாதிரி என்னைப் பார்த்தான். நான் பார்த்தீபனைப் பார்த்தேன். அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கலாராணி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். "சத்தியம் பண்ணது அவரு. நான் பண்ணல. புருஷனுக்குக் குடுக்கிறது பொஞ்சாதிக்கும்தானே சாமி? குடுங்க இங்க."

கேட்டுவிட்டு நிற்கவில்லை. கிளாசை வாங்கி ஒரே மூச்சில் குடித்தாள். பிறந்ததிலிருந்து பிளேன்டீயைத் தவிர வேறொன்றும் அறியாதவள். புறங்கையால் வாயைத் துடைத்துவிட்டுத் தயாபரனைப் பார்த்தாள்.

"இந்தக் கசப்புக்காகவா என்னைய அத்தன வருசம் அழவச்சீங்க?"

தயாபரன் தலையைத் தொங்கப்போட்டான். முனி அந்த நிமிஷமே மலையேறிவிட்டார். சின்னராசா பழையபடி மெல்லிய குரலில், "கொஞ்சம் தண்ணி தர்றீங்களா?" என்று கேட்டார். படையல் சேர்ந்துவிட்டதென்று சனங்கள் ஆலைக் கதவைத் திறந்தார்கள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு தடவை பியர் காய்ச்சும்போதும் ஒரு வாய் கலாராணிக்கு. மத்தியானம் சோற்றுக் கேரியரோடு வருகிறவள் வாசலில் நின்றே ருசி பார்ப்பாள். "கசக்குது" என்றால் போத்தலில் அடைக்கலாம். "நல்லாருக்கு" என்றால் பார்த்தீபன் தலையில் கைவைத்துக்கொள்வார். எங்கேயோ இனித்துக் கெட்டிருக்கிறது என்று பொருள். மதுஷா இப்போது ஒளிந்துகொள்வதில்லை. அப்பா மேல் புளித்த வாடை அடிக்கிறது என்று முகத்துக்கு நேரே சொல்கிறாள்.

அந்தத் தேயிலைப் பியர் இன்றும் எல்லவில் வெறும் 'மூணாம் நம்பர்' என்றுதான் விற்கிறது. அதற்கு 'கலாராணி' என்று பெயர் வைக்கப் பார்த்தீபன் ஆசைப்பட்டு, அழகான லேபலே அடித்துக்கொண்டு வந்தார். நானும் அங்கே இருந்தேன். தங்கச்சி அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுக்குப் பிடித்திருந்தது. தயாபரன்தான் குறுக்கே வந்தான். அவன் முதலாளியை எதிர்த்துப் பேசி நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

"வேணாம் சார்."

"ஏன் தயாபரன், வடிவாத்தானே இருக்கு?"

"குடிச்சுட்டு வெறும் போத்தல எங்க சார் வீசுவாங்க? கானுக்குள்ளதான். அங்க நான் கெடந்தது போதும். அவ பேரு கெடக்க வேணாம்."