எட்டு ஓம்ஸ் என்று எழுதி வைத்தேன்

எதையும் டைரியில் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகே வாங்குவது என் வழக்கம். காருக்கு இரண்டு சப்வூஃபர் ஸ்பீக்கர் வாங்கியபோது, ஒவ்வொன்றிலும் மின்தடை நான்கு ஓம்ஸ் என்று போட்டிருந்தது. இரண்டும் சேர்ந்து எட்டு என்று எழுதினேன். கடையில் பார்த்த ஆம்ப்ளிஃபயரில், நான்கு ஓம்ஸுக்குக் குறையக் கூடாது என்றிருந்தது. எட்டு தாராளம் என்று அதையே வாங்கினேன். இரண்டு சப்வூஃபர்களின் ஒயர்களையும் ஒன்றாக முறுக்கி, டிக்கியில் வைத்த ஆம்ப்ளிஃபயரில் நானே மாட்டினேன்.

ஞாயிறன்று தொம்மலூர் தாண்டும்போது என் மனைவி, "என்னங்க, ஏதோ கருகற வாசனை வருது" என்றாள்.

"முன்னாடி போற ஆட்டோவா இருக்கும்."

"ஆட்டோ அப்பவே திரும்பிடுச்சு. வாசனை மட்டும் நம்ம கூடவே வருது!"

வண்டியை ஓரங்கட்டி டிக்கியைத் திறந்தேன். ஆம்ப்ளிஃபயர் தொட முடியாமல் கொதித்தது. அதன் அடியில் விரிப்பு உருகத் தொடங்கியிருந்தது. விரிப்புக்குக் கீழேதான் பெட்ரோல் டாங்க். இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தால் என்ன ஆகியிருக்குமோ!

ஆடுகோடி எலக்ட்ரீஷியன் என் டைரியைப் பார்த்துச் சிரித்தார். "எழுத்து முத்து முத்தா இருக்கு சார். ஆனா இப்படி ஒண்ணா முறுக்கினா கரண்ட் போக ரெண்டு வழி, தடை பாதியாயிடும். நாலும் நாலும் எட்டில்ல, ரெண்டு. ஆம்ப்ளிஃபயர் எப்படித் தாங்கும்?"

மூன்று முறை விளக்கினார். தலையாட்டினேன், புரியவில்லை.

இப்போதெல்லாம் ஸ்பீக்கர்களை அவரே இணைத்து மீட்டர் வைத்துச் சொல்லும் எண்ணைத்தான் எழுதிக்கொள்கிறேன். அதன் பிறகே ஆம்ப்ளிஃபயர் தேடிப் போகிறேன். டைரியில் பழைய எட்டை அடிக்கவில்லை. பக்கத்தில் இரண்டு என்று எழுதி, கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன்.