சாரி சொல்லாத ஊர்

கோயம்பேட்டில் காஞ்சிபுரம் பேருந்து ஏறியபோது காலை ஏழரை மணி. 2010 ஆகஸ்டு. முந்தின நாள் மாலை சங்கரன்கோவிலில் கிளம்பிய அலுப்பு இன்னும் உடம்பை விடவில்லை. சுங்குவார்சத்திரத்துக்குப் பதினெட்டு ரூபாய்ச் சீட்டு. ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும் வயலை எதிர்பார்த்து ஜன்னலைத் திறந்தேன். மதில் சுவர்தான் வந்தது. ஒரு மதில் முடிந்தால் அடுத்த மதில்.

நான் ஊர் சுற்றிப் பார்க்கப் போனவள் இல்லை. என் அக்கா மகள் முத்துலட்சுமி அங்கே செல்போன் பாகங்கள் செய்யும் ஆலை ஒன்றில் பயிற்சியில் இருந்தாள். அவள் மேல் ஒரு விசாரணை, வீட்டிலிருந்து பெரியவர் யாராவது வரவேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். நான் பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிறவள். "நீதான் போய் இங்கிலீசுல எடுத்துச் சொல்லி முடிச்சிட்டு வரணும்" என்று அக்கா என்னை வண்டி ஏற்றிவிட்டாள். விசாரணை தப்பாகப் போனால் வேலை நிரந்தரமாகாது. வேலை போனால் முத்து ஊருக்குத் திரும்ப வேண்டும். திரும்பினால் கல்யாணம். மாப்பிள்ளையை அத்தான் பார்த்தே வைத்திருந்தார். முத்துவுக்கு அதில் துளியும் இஷ்டமில்லை.

சத்திரத்தில் இறங்கியதும் ஷேர் ஆட்டோக்காரர் கேட்டார்: "இன்னாம்மா, ஏவா, ஜென்ரலா?" எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. என் வயதையும் பையையும் பார்த்தும் நான் எந்த ஷிப்டு என்றுதான் விசாரித்திருக்கிறார். முத்து தங்கியிருந்த வீட்டில் இதைவிடப் பெரிய அதிர்ச்சி. கையெழுத்துப் போடத் தெரியாத வீட்டுக்கார அம்மாள், வாய்மேல் விரல் வைத்து, "மெதுவா பேசும்மா. நைட்டு புள்ளைங்க ஓட்டி பாத்துட்டு வந்து தூங்கிக்கினு கீது" என்றாள். ஓட்டி என்றால் ஓவர்டைமாம். நான் கரும்பலகையில் எழுதி எழுதி மண்டையில் ஏற்றுகிற ஆங்கிலத்தை இந்த அம்மாள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே பேசுகிறாள்.

முத்து மெலிந்திருந்தாள். நடந்ததைச் சொன்னாள். அவர்கள் லைனில் ஒவ்வொருவரும் உட்காரும் இடத்துக்கு ஸ்டேஷன் என்று பெயர். கடல் கடந்து வந்த சூப்பர்வைசர் ஒருவர், கீறல் விழுந்த தகடு ஒன்றை அவள் முகத்துக்கு நேரே நீட்டியிருக்கிறார். கீறலோடுதான் அது அவளிடமே வந்தது. ஆனாலும் பெரியவர் ஒருவர் கோபமாக நிற்கிறாரே என்று, "சாரி சார்" என்றிருக்கிறாள். அவ்வளவுதான். அன்று கெட்டுப்போன அத்தனை தகடும் அவள் தலையில் விழுந்துவிட்டது.

"இதில் என்ன தப்பு? மரியாதைக்குச் சொன்னதுதானே?" என்று நான் கொதித்தேன்.

பக்கத்துப் பாயில் படுத்திருந்த தேவி எழுந்து உட்கார்ந்தாள். மணிமங்கலத்துப் பெண். அதே லைனில் முத்துவுக்கு முந்தின ஸ்டேஷன். ஷிப்டு மாறும் வாரங்களில் இந்த அறையிலேயே தங்கிவிடுவாளாம்.

"எங்க லைன்ல அந்த வார்த்தையே கெடையாதுக்கா," என்றாள். "அவரு கேட்டா, என் ஸ்டேஷன் இல்லன்னு சொல்லிடணும். அடுத்து என்னாண்ட வருவாரு. நானும் அதான் சொல்லுவேன். அப்டியே ஒவ்வொருத்தரா பின்னால போய் கடைசில மிஷினாண்ட நிக்கும். நடுவுல எவளாச்சும் சாரின்னா அங்கியே நின்னுடும். இவ சொன்னா, நின்னுட்ச்சு."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பக்கத்தில் இருப்பவளைக் கை காட்டித் தப்பிப்பது ஒரு வழக்கமா? ஆங்கிலத்தில் நான் முதலில் சொல்லிக்கொடுப்பதே ப்ளீஸ், சாரி, தேங்க்யூ மூன்றும்தான். அந்த மூன்றையும் இங்கே வாசலிலேயே கழற்றிப் போட்டுவிட்டுத்தான் உள்ளே போகிறார்கள். பேசிப் பார்க்கிறேன் என்று மனதுக்குள் ஒரு நீண்ட ஆங்கிலப் பேச்சைத் தயார் செய்தேன். பணிவு, பண்பாடு எல்லாம் அதில் இருந்தன.

மதியம் முத்து கம்பெனி பஸ்ஸில் முன்னால் போனாள். நான் பின்னால் ஆட்டோவில் போனேன். ஷிப்டு மாறும் நேரம். சாலை முழுக்கக் கம்பெனி பஸ்கள் வரிசைகட்டி நின்றன. வேர்த்து விறுவிறுத்து ஆலை வாசலை ஒட்டிய அறைக்குள் நுழைந்தபோது விசாரணை தொடங்கியிருந்தது. அதிகாரி ஒருவர், தமிழர். அருகில் அந்த சூப்பர்வைசர். எதிரே முத்து, தலை குனிந்து.

"சாரி சார், ட்ராஃபிக்," என்றேன். நாற்காலியை இழுத்தேன், அது கிறீச்சிட்டது. "சாரி." உட்காரும்போது என் பை இடித்து மேசைமேல் இருந்த தண்ணீர் பாட்டில் உருண்டது. "ஓ, சாரி, சாரி."

சூப்பர்வைசர் என்னையே உற்றுப் பார்த்தார்.

"மேடம். ட்ராஃபிக், யுவர் மிஸ்டேக்?"

"நோ சார்."

"தென், வொய் சாரி?"

இத்தனை வருடத்தில் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. தயார் செய்த பேச்சில் ஒரு வரி நினைவுக்கு வரவில்லை. அவர் என்னைப் பார்த்தார், முத்துவைப் பார்த்தார், "சேம் ஃபேமிலி," என்று சிரித்துவிட்டார். அதிகாரியும் சிரித்தார். நான் உருண்ட பாட்டிலை எடுத்து நிமிர்த்தி வைத்தேன்.

சிரிப்பு அடங்கியதும் சூப்பர்வைசர் முத்துவிடம் திரும்பி, நவ் யூ டெல் என்றார். முத்து தலை நிமிர்ந்தாள்.

"நாட் மை ஸ்டேஷன்."

சார் இல்லை, ப்ளீஸ் இல்லை. வயதில் மூத்தவர் ஒருவரைக் கண்ணுக்கு நேரே பார்த்து எங்கள் வீட்டுப் பெண் பேசி நான் அதுவரை கேட்டதில்லை. காது சுட்டது. அவரோ, குட் என்று தலையாட்டினார். அதிகாரி தமிழில் சொன்னார்: விசாரணை முடிந்தது, முன் ஸ்டேஷன்களைப் பார்த்துக்கொள்வார்கள், முத்து வேலையைத் தொடரலாம்.

மறுநாள் காலை என்னை வழியனுப்ப முத்துவும் தேவியும் சத்திரம் நிறுத்தம்வரை வந்தார்கள். டீக்கடையில் நின்றபடி தேவியிடம், உன்னைக் கேட்டார்களா என்று தயங்கித் தயங்கி விசாரித்தேன். கேட்டார்களாம். அவளும் தன் ஸ்டேஷன் இல்லை என்றாளாம். ஒவ்வொருவராகப் பின்னால் போய், தகட்டைப் பிடிக்கும் மிஷினின் தாடையில் ஒட்டியிருந்த இரும்புப் பிசிறு அகப்பட்டதாம்; கீறியது அதுதானாம். சந்தோஷப்படத்தான் வேண்டும். ஆனாலும் யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்காத இடத்தில் முத்துவை விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை.

பேருந்து வந்ததும் கூட்டம் முண்டியடித்தது. என் பையை மேலே ஏற்றப் போன முத்து, கனத்த செருப்போடு என் காலை நன்றாக மிதித்துவிட்டாள். அவள் உதடு அந்த வார்த்தைக்குப் பிரிந்தது. பிரிந்தது அப்படியே நின்றது. சொல்லமாட்டாள் என்று தெரிந்துகொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அவள் குனிந்து என் பாதத்தைத் தொட்டாள்.

"வலிக்கா சித்தி?"

சாரி என்றிருந்தால் பழக்கதோஷத்தில் பரவாயில்லை என்றிருப்பேன். இந்தக் கேள்விக்கு அந்தப் பதில் பொருந்தவில்லை.

"ஆமாட்டி, வலிக்கி," என்றேன்.

பேருந்து நகரும்வரை அவள், படியேறி நின்ற என் காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.