இன்னொருத்தியின் இடம்

பாலிகஞ்சில் ஒரு இனிப்புக் கடைக்கு மேலே, முதல் மாடியில் இருந்தது அந்த ஏஜென்சி. கம்பெனிகளுக்குத் தற்காலிக ஆட்களைப் பிடித்துக் கொடுப்பது அவர்கள் தொழில். ஆட்களுக்கு வேலை பிடித்துக் கொடுப்பதாகப் போர்டில் எழுதியிருந்தது. ஒரு வருடம் அந்தப் படிகளை ஏறி இறங்கியவள் என்கிற உரிமையில் சொல்கிறேன், போர்டை நம்பாதீர்கள்.

எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. கணவருக்கு ரயில்வேயில் வேலை, சாந்த்ராகாச்சியில் குவார்ட்டர்ஸ். அவருக்கு வருகிற டிரான்ஸ்ஃபர் ஆர்டருக்கெல்லாம் நான் சாமான் கட்டியதில் பதினோரு வருடம் ஓடியிருந்தது. மகள் பிறந்தபோது திருச்சியில் விட்ட வேலைதான் நான் கடைசியாகப் பார்த்த நிரந்தர வேலை. இன்டர்வியூவுக்குப் போகிற இடத்திலெல்லாம் என் பயோடேட்டாவில் அந்தப் பதினோரு வருடத்தின் மேல் ஒரு விரல் வந்து நிற்கும். "இந்த கேப்பில் என்ன செய்தீர்கள்?" என்பார்கள். நாலு ஊரில் குடித்தனம் நடத்தினேன், ஒரு பெண்ணை வளர்த்தேன், வங்காளம் பேசக் கற்றுக்கொண்டேன் என்று சொன்னால் சிரித்து, தண்ணீர் கொடுத்து, சொல்லி அனுப்புகிறோம் என்பார்கள். அந்தத் தண்ணீரைக் குடிக்கும்போது எனக்கு வரும் கோபம் கொஞ்சநஞ்சமல்ல. யாராவது ஒருவர் என்னை நிரந்தர வேலைக்கு எடுக்கிற வரைக்கும் விடுவதில்லை என்று முடிவு கட்டியிருந்தேன்.

ஏஜென்சியில் என் பதிவைப் பார்த்துக்கொண்டவள் இருபத்தைந்து வயது வங்காளிப் பெண். காதில் போன் இல்லாமல் அவளை நான் பார்த்ததேயில்லை. "தீதி, ரெண்டு நாள் வேலை ஒண்ணு இருக்கு, போறீங்களா?" என்பாள். தீதி என்றால் அக்கா. போனேன். புடவைக் கண்காட்சி வாசலில் நின்று வணக்கம் சொன்னேன். கம்ப்யூட்டரில் பரீட்சை எழுத வந்தவர்களின் செருப்பையும் வளையலையும் சோதித்தேன். இன்சூரன்ஸ் ஆபீஸ் ஒன்றில் மூன்று வாரம் பழைய பாலிசிகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். எல்லா இடத்திலும் கழுத்தில் ஆரஞ்சு நாடா. கம்பெனி ஆட்களுக்கு நீலம். கேன்டீனில் உட்கார்ந்தால் முகத்துக்கு முன்னால் நாடாவைப் பார்த்துவிட்டுத்தான் தள்ளி உட்காருவதா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள்.

அப்புறம்தான் டாக்குரியா என்கிற பேட்டையில் ஒரு வேலை வந்தது. ரத்தப் பரிசோதனை லேப்களுக்கு மெஷின் விற்கும் கம்பெனி. எந்த லேபில் எந்த மெஷின் நின்றுபோனாலும் போன் ஒரே மேஜைக்கு வரும். அந்த மேஜையில் இருப்பவள் திட்டு வாங்கிக்கொண்டே, எந்த மெக்கானிக்கை எந்த ஊருக்கு அனுப்புவது என்று முடிவு செய்ய வேண்டும். அந்த மேஜைக்காரி பிரசவ விடுப்பில் போயிருந்தாள். அவள் திரும்பி வரும்வரை ஆறு மாதத்துக்கு நான்.

திட்டு வாங்குவதும் ஆளை விரட்டுவதும் எனக்குக் கைவந்த கலை என்பது அங்கேதான் தெரிந்தது. பத்து நாளில் எந்த மெக்கானிக்கை அவன் மாமியார் ஊருக்கு அனுப்பினால் சந்தோஷமாகப் போவான் என்பதுவரை எனக்கு அத்துப்படி. பெரிய மெஷின் நின்றால்தான் திணறுவேன், அதை வெளியே காட்டியதில்லை. மூன்றாவது மாதம் மானேஜர் என் மேஜைக்கே வந்தார். "அந்தப் பொண்ணு திரும்பி வரலேன்னா இந்த இடம் உங்களுக்குத்தான். ஏஜென்சிகிட்ட நான் பேசிக்கறேன்" என்றார். அன்று வீடு திரும்பும் பஸ்ஸில் ஆற்றுப் பாலம் கடக்கிற நேரம் முழுக்க நீல நாடா போட்ட என் கழுத்தைக் கற்பனை செய்துகொண்டே போனேன். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

அந்த மேஜைக்காரியை நான் பார்த்ததில்லை. ஆனால் போனில் பழக்கம். எந்த ஃபைல் எங்கே என்று நான் கேட்பேன், சொல்வாள். குழந்தை அழுகிற சத்தம் பின்னால் கேட்கும். ஐந்தாவது மாதம் ஒரு மத்தியானம் அவளே கூப்பிட்டாள். நான் தயிர்சாத டப்பாவைத் திறந்த நேரம்.

"தீதி, உண்மையச் சொல்லுங்க. மாமியார் வேலைய விட்டுடுங்கறாங்க. வீட்டுக்காரர் வாயே திறக்க மாட்டேங்கறார். ஆபீஸ்ல நான் இல்லாம ஏதாவது கஷ்டமா இருக்கா? நான் வரணுமா, வேண்டாமா?"

நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "இங்க எல்லாம் நல்லாத்தான் போகுது. ஆபீஸப் பத்திக் கவலைப்படாதீங்க. பிள்ளைதானே முக்கியம்?" என்றேன்.

"அதுவும் சரிதான்" என்றாள். குரல் இறங்கிவிட்டது. போனை வைத்துவிட்டு நான் சாப்பிட்டேன். டப்பாவை வழித்துச் சாப்பிட்டேன்.

சாயங்காலம் கணவரிடம் சொன்னபோது அவர் முகம் மலர்ந்தது. "அப்ப இடம் உனக்குத்தான்னு சொல்லு!"

"நான் பேசினது சரியாங்க?"

"நீ தப்பா ஒண்ணும் சொல்லலயே? பிள்ளை முக்கியம்தானே?"

"சொன்னது தப்பில்ல. எதுக்குச் சொன்னேங்கறதுதான் தப்பு."

அவருக்குப் புரியவில்லை. அவர் மேல் எனக்கு வந்த எரிச்சல் நியாயமில்லாதது என்று தெரிந்தே எரிந்து விழுந்தேன். பதினோரு வருடத்துக்கு முன்னால் இதே வார்த்தையை அவர் என்னிடம் சொன்னார். என் அம்மா சொன்னாள். பக்கத்து வீட்டில் கடுகு கடன் வாங்க வந்தவள்கூடச் சொன்னாள். நானும் குழந்தை தூங்குகிற நேரத்தில் இரண்டு வரியில் ராஜினாமா எழுதி அனுப்பினேன். யாரிடமும் கேட்கவில்லை. இவளாவது கேட்டாள். அன்றைக்கு எனக்குச் சொன்னவர்கள் யாரும் என் இடத்தில் உட்காரக் காத்திருக்கவில்லை. நான் காத்திருந்தேன்.

இரண்டு நாள் மென்று முழுங்கிக்கொண்டிருந்தேன். இடத்தை விட்டுக்கொடுக்க எனக்கு மனசே வரவில்லை, அதை மறைத்து ஆவதென்ன? மூன்றாம் நாள் மத்தியானம் ஆபீஸ் மாடிப்படியில் நின்று அவளைக் கூப்பிட்டேன்.

"அன்னிக்கு நான் சரியா சொல்லல. இங்க எல்லாம் நல்லா போகலை. பர்த்வான் லேப் டாக்டர் வாரம் தவறாம, பழைய பொண்ணு எப்ப வருவான்னு கேக்கறார். பெரிய மெஷின் நின்னா எனக்குக் கை கால் ஓடல. உங்களுக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியல."

"அப்புறம் ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"நீங்க வரலேன்னா இந்த இடம் எனக்கு."

"உங்கள நம்பித்தானே கேட்டேன்" என்றாள்.

"திட்டுங்க. ஆனா வந்துடுங்க. நான் விட்டேன். பதினோரு வருஷம் கழிச்சும் சேர்றதுக்கு அலையறேன்."

அவள் திட்டவில்லை. போனை வைத்துவிட்டாள். எனக்கு நெஞ்சுப் பாரம் இறங்கியது என்றெல்லாம் ஒன்றும் இல்லை. கையில் இருந்ததை நானே தட்டிவிட்ட வயிற்றெரிச்சல்தான் இருந்தது.

விடுப்பு முடிந்த திங்கட்கிழமை அவள் வந்தாள். ஒல்லியான பெண், கண்ணுக்குக் கீழே கருவளையம், கழுத்தில் நீல நாடா. எனக்கு ஒரு நன்றியும் இல்லை, ஒரு சிரிப்பும் இல்லை. நேராக வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். பார்வையாளர் நாற்காலியை எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டு மூன்று நாள் வேலையை ஒப்படைத்தேன். நான் மாற்றியிருந்த மெக்கானிக் பட்டியலைப் பார்த்து, "இதை யார் இப்படிக் கலைச்சது?" என்றாள். நான்தான் என்றேன். முழுசாகப் படித்தாள். மாற்றாமல் வைத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் பதினொரு மணிக்கு அவள் போன் அடித்தது. மாமியார். குழந்தை அரை மணி நேரமாக அழுகிறதாம், பால் குடிக்க மாட்டேன் என்கிறதாம். போனைத் தாண்டி எனக்கே அழுகை கேட்டது. அவள் எழுந்துவிட்டாள். கை தானாகப் பையைத் தேடியது.

"உக்காருங்க" என்றேன்.

"குழந்தை அழுகுதே தீதி."

"உடம்புக்கு ஏதாவதுன்னு சொன்னாங்களா?"

"இல்ல."

"அப்ப பத்து நிமிஷம் பாருங்க. நிறுத்தலேன்னா நானே டாக்ஸி பிடிச்சு ஏத்தி விடறேன்."

"உங்க பொண்ணு நிறுத்தினாளா?"

"தெரியாது. நான் பாக்கல. அதுக்கு முன்னாடியே வேலைய விட்டுட்டேன்."

அவள் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். நடுவில் ஒரு லேப்காரர் கூப்பிட்டுக் கத்தினார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே அவருக்குப் பதில் சொல்லி, சிலிகுரிக்கு ஆள் அனுப்பினாள். எட்டாவது நிமிஷம் மாமியார் கூப்பிட்டார். குழந்தை குடித்துவிட்டுத் தூங்கிவிட்டதாம்.

அவள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அடுத்தது என்ன, சொல்லுங்க" என்றாள். மிச்சமிருந்த ஃபைல்களைச் சொல்லி முடித்து, ஆரஞ்சு நாடாவைக் கழற்றி வாசலில் கொடுத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை பத்து மணிக்குப் பாலிகஞ்சில் இருந்தேன். ஏஜென்சிப் பெண் காதிலிருந்த போனை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். விஷயம் எப்படியோ அவளுக்கு எட்டியிருந்தது.

"கைக்கு வந்த வேலை தீதி! அவளைக் கூப்பிட்டு வரச் சொன்னீங்களாமே? உங்களுக்கென்ன பைத்தியமா?"

"இருக்கலாம். பயோடேட்டால அந்த ஆறு மாசத்தை எழுது. கேப்னு யாரும் விரல் வைக்க முடியாதபடி எழுது."

"எழுதறேன். அடுத்து எந்த மாதிரி வேலை பாக்கட்டும்?"

"எதுவானாலும் சரி, எவ்வளவு தூரமானாலும் வரேன்" என்றேன். "ஆனா இன்னொருத்தி திரும்பி வராம இருந்தாத்தான் எனக்குக் கிடைக்கும்னு ஒரு வேலையை மட்டும் மறுபடி என் கையில கொடுத்துடாதே. அடுத்த தடவை நான் உண்மையச் சொல்வேனான்னு எனக்கே தெரியாது."