பாட்டு முடியேல்லை

மூன்று அறைக் கல்வீடு, வள்ளம் ஒன்று, மழைக்கு ஒழுகாத வலைக்கொட்டில், பனங்கம்பு நாலு நட்டுக் கயிறு கட்டிய குத்துச்சண்டை மேடை. குருநகர்க் கரையில் இத்தனையும் நான் கட்டியவை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டு நின்றுகொண்டது. யாரும் ஒரு கல் எடுத்துத் தந்ததில்லை. தந்த இரண்டொருவர் நன்றாகத் தரவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக நான் கட்டியது என் மச்சானின் மூச்சு.

மச்சான் என்றால் மனைவியின் தம்பி. நல்ல தோள்காரன். ஆனால் கோயில் பெருநாள் குத்துச்சண்டையில், இரண்டாவது றவுண்டில், எதிராளி தொடாமலே மூச்சு வாங்கிக் குந்திவிட்டான். அன்றிலிருந்து ஊருக்கு அவன் "ரெண்டாம் றவுண்ட்". மீன் சந்தையில், "ரெண்டாம் றவுண்ட், பாரை என்ன விலை?" என்பார்கள். பெண் கேட்டுப் போன வீட்டிலும் அந்தப் பெயர் அவனுக்கு முன்னால் போய்க் கதிரையில் இருந்துவிட்டது.

"அத்தான், வாற பெருநாளோடை இந்தப் பேர் போகவேணும். இல்லாட்டி நான் ஊரை விட்டே போறன்" என்றான். மனைவி அவனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

ஓய்வுபெற்ற விளையாட்டு மாஸ்டர் ஒருவர்தான் முதலில் அவனை ஓடவிட்டார். கோப்பாய் வரை ஓடித் திரும்புவான். மூன்று மாதத்தில் சைக்கிள்காரரை முந்தினான். மேடையில் ஏற்றிப் பார்த்தேன். இரண்டாவது றவுண்டில் கை தொங்கியது. ஓடிப் பழகிய மூச்சு ஓடத்தான் உதவும், குத்துகிறவனுக்குத் தோளில் மூச்சு வேண்டும் என்று கண்டுகொண்டேன். இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. புத்தகமே படித்ததில்லை.

யுத்தத்தால் கரண்ட் இல்லாத, பற்றரிக்குத் தடை இருந்த காலம் அது. பாட்டுக் கேட்பதென்றால் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் கசற் ஓடவிடுவோம். அந்தப் பெடலை மச்சானிடம் கொடுத்தேன். ஒரு பாட்டுக்கு அவன் சுற்றுவான். அடுத்த பாட்டுக்கு நான் சுற்ற, அவன் மணல்மூட்டையைக் குத்துவான். பாட்டு முடியும்வரை கை இறங்கக் கூடாது. மணிக்கூடும் பற்றரி இல்லாமல் நின்றுவிட்டதால், ஒரு றவுண்ட் என்பது ஒரு பாட்டு என்று நானே தீர்மானித்தேன்.

பின்னேரங்களில் அயலெல்லாம் பாட்டுக் கேட்க வந்து வேலியோடு நிற்கும். மச்சான் களைத்தால் கசற் இழுபடும், வேலியிலிருந்து சத்தம் வரும்.

"டேய், பாடுற பொம்பிளை ஆம்பிளையாப் போனாளடா! கெதியாச் சுத்து!"

"கை கழண்டு போச்சு, அத்தான்!"

"கழண்டதை எடுத்துப் பூட்டிப்போட்டுச் சுத்து" என்பேன்.

பெருநாளும் வந்தது. முதல் றவுண்ட் முடிந்து மணி அடித்ததும் எதிராளி கையைக் கீழே போட்டான். மச்சான் நிறுத்தவில்லை, இன்னும் இரண்டு குத்து விட்டான். நடுவர் பாய்ந்து பிடித்தார்.

"மணி கேக்கேல்லையோ உனக்கு?"

"பாட்டு முடியேல்லை, ஐயா!"

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. இன்னொரு முறை இப்படி அடித்தால் வெளியேற்றுவேன் என்றார் நடுவர். ஒரு பாட்டு றவுண்டைவிட நீளம் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அதாவது, தேவைக்கு மேலேயே மூச்சுக் கட்டியிருக்கிறேன்.

மூலையில் அவன் காதைப் பிடித்து, "மணி அடிச்சா டைனமோ நிண்டுட்டுது எண்டு நினை" என்றேன். விளங்கிக்கொண்டான். அந்தப் பொல்லாத இரண்டாவது றவுண்ட் முடிய, நேரத்துக்குக் கையை நிறுத்தி நிமிர்ந்து நின்றான். மூன்றாவதில் எதிராளிதான் குந்தினான்.

பழைய பெயர் அன்றோடு போய்விட்டது. இப்போது சந்தையில், "பாட்டு முடியேல்லை, பாரை என்ன விலை?" என்கிறார்கள். அந்தப் பெயரோடுதான் அதே வீட்டில் பெண் எடுத்தான்.

வெற்றிக்குக் காரணம் மாமியார் கோயிலுக்கு வைத்த நேர்த்தி என்பது மனைவியின் கட்சி. மச்சான் நண்டு இரசம் என்கிறான். விளையாட்டுக் கழகம் போட்ட மலரிலோ, "ஓட்டப் பயிற்சியால் மூச்சு வளர்த்த மாஸ்டர்" என்று அரைப்பக்கமும் படமும். கடைசிப் பக்கத்தில், பந்தல்காரருக்குக் கீழே நான்: "சைக்கிள் தந்து உதவியவர்."

அந்தச் சைக்கிள் மச்சானுடையது. அடுத்த பதிப்பில் அந்த வரியை வெட்டிவிட்டு, "மூச்சுக் கட்டியவர்" என்று முன்பக்கத்தில் என்னைப் போடவேண்டும். படம் தர நான் தயார்.