கொதித்தாறிய நீர்

மூன்று தேவாரம் பாடி முடியும்வரை இலட்சுமிப்பிள்ளை அக்கா அடுப்பைத் தணிக்க மாட்டார். தண்ணீர் பத்து நிமிடம் கொதிக்க வேண்டும் என்று சுகாதாரப் பரிசோதகர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அகதி முகாமில் ஏது மணிக்கூடு? யாராவது அவசரப்பட்டால், "நடுவுல நிப்பாட்டினா சாமிக்கும் குத்தம், கிருமிக்கும் உசிர் வந்திரும்" என்பார்.

தொண்ணூறாம் ஆண்டுச் சண்டைக் காலம் அது. மண்டூர்ப் பக்கத்து வயல் வட்டைகளில் நெல்லை நின்றபடி விட்டுவிட்டு வந்த எண்பது குடும்பம், ஒரு பள்ளிக்கூடத்துக்குள் இருந்தோம். கிணறு ஒன்றுதான். வயிற்றோட்டம் வகுப்பறை வகுப்பறையாக ஏறிக்கொண்டிருந்தது. சுவரில் ஒட்டிய நோட்டீசை எழுத்துக்கூட்டி அக்காவுக்கு வாசித்துக் காட்டியவள் நான்தான்: "கொதித்தாறிய நீரையே பருகவும்." அன்றிலிருந்து முகாமின் தண்ணீர்ப் பானைக்கு அவரே பொறுப்பு. கிணற்றடியில் எவனாவது வாளியில் வாய் வைத்தால் அகப்பையோடு ஓடுவார். "செல்லடிக்குத் தப்பி வந்து வயித்தாலடியில சாகப்போறியா மகன்?"

அவருடைய கணவர் கதிர்காமத்தம்பி அண்ணன் சும்மா இருக்கமாட்டார். "தண்ணிக்குப் பூசை வைச்சவள் இவள் ஒருத்திதான்கா புள்ள" என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பார். ஆனாலும் பானையில் முதல் கோப்பை அவருக்குத்தான்.

கடைசியில் அண்ணனே விழுந்தார். கண் குழிந்து, எழும்ப ஏலாமல் பாயோடு கிடந்தார். வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் ஜீவனி உப்புத்தூள் பொட்டலத்தோடு வந்த பரிசோதகர், "இதைக் கரைக்கிறதுக்குக் கொதிச்சாறின தண்ணி கொண்டு வாங்கம்மா" என்றார்.

அக்கா பெருமையோடு, ஆவி பறக்கும் பானையைத் திறந்தார். பக்கத்து வாளியிலிருந்து கிணற்றுத் தண்ணீரை இரண்டு கோப்பை அள்ளி ஊற்றி விளாவினார்.

"என்னம்மா செய்யிறீங்க?"

"ஆற வைக்கிறன் ஐயா. நோட்டீசில அப்பிடித்தானே கிடக்கு?"

பரிசோதகர் நெற்றியில் கை வைத்தார். "பச்சைத்தண்ணி கலந்தாக் கிருமி மறுகா வந்திருமே! தானா ஆற விடவேணும்."

பத்து நாளாக முகாம் முழுவதும் குடித்த தண்ணீர் அது. தினமும் பக்கத்தில் நின்று பார்த்தேன். முருகா, வாசித்த எனக்கும் அது பிழையாகத் தெரியவில்லை.

"பூசை பிழைச்சிட்டு போல" என்றார் அண்ணன், பாயில் கிடந்தபடி, பாதிக் குரலில்.

அக்கா பானையைக் கவிழ்த்தார். மறுபடி அடுப்பு மூட்டிக் கொதிக்க வைத்தார். சுடுதண்ணீரில் கழுவிய இரண்டு கோப்பைகளில் மாறி மாறி ஊற்றி ஆற்றினார். கையில் சிந்திச் சுட்டும் நிறுத்தவில்லை. சூடு பார்க்க விரலை நீட்டியவர், தண்ணீரைத் தொடாமல் இழுத்துக்கொண்டு, கோப்பையைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.