நன்றி சொல்லி வேலையை விட்டவள்

என் அண்ணன் மனைவி ஆர்லிஸ் ட்வெட்டைப் போல ஒரு நல்லவளை மினசோட்டா மாநிலம் முழுக்கத் தேடினாலும் பிடிக்க முடியாது. அந்த நல்ல குணத்தால் அவளும் கெட்டாள், என் ரத்த அழுத்தமும் ஏறியது.

எங்கள் ஊர் முதியோர் இல்லத்தின் சலவை அறையில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தாள். என் அண்ணன் வெர்லினை அடக்கம் செய்த மூன்றாம் நாளே படுக்கை விரிப்பு மடிக்கப் போய்விட்டாள். "ஆள் இல்லாம கஷ்டப்படுவாங்க லவோன்" என்று என்னிடம் சொன்னாள். கஷ்டப்படட்டுமே என்றேன். அவள் காதில் விழவில்லை.

போன வருடம் ஏப்ரலில் டிரையர்களின் அனலை வெளியே தள்ளும் குழாய் இற்று விழுந்தது. அன்றிலிருந்து மூன்று பெரிய டிரையர்களின் சூடும் பஞ்சுத்தூசியும் ஜன்னல் இல்லாத அந்த அறைக்குள்ளேயே சுற்றின. ஜூலையில் ஒருமுறை மயங்கி விழுந்தாள். ஆகஸ்டில் இன்னொரு முறை. இதயத் துடிப்பு தாறுமாறாக இருக்கிறது, இன்னொரு முறை விழுந்தால் எழுந்திருப்பது சந்தேகம், அந்த அறைக்குள் போகவே கூடாது என்று டாக்டர் கைப்பட எழுதிக் கொடுத்தார்.

அந்தச் சீட்டை மேலாளரிடம் காட்டினாளா? இல்லை. தன் வீட்டு பிரிட்ஜ் கதவில் காந்தத்தை வைத்து ஒட்டிக்கொண்டாள். மேலாளர் கர்ட் அவளிடம் சர்ச் ஞாயிறு வகுப்பில் படித்த பையன். அவனைச் சங்கடப்படுத்தக் கூடாதாம்.

"அவன்கிட்ட மூணு தடவ சொல்லிட்டேன்" என்றாள்.

"என்னன்னு சொன்ன?"

"'இன்னிக்கு உள்ள கொஞ்சம் சூடா இருக்குல்ல கர்ட்'னு சொன்னேன்."

"அவன் என்ன சொன்னான்?"

"'ஆமா, ஒரு மழை பெஞ்சா தேவல'ன்னான்."

இந்த லட்சணத்தில்தான் எங்கள் ஊரில் மனிதர்கள் முறையிடுகிறார்கள். வீடு பற்றி எரிந்தாலும் பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று வாசலில் காத்திருப்போம்.

செப்டம்பரில் ஒருவழியாக வேலையை விட்டாள். விட்ட விதத்தைக் கேளுங்கள். இரண்டு வாரம் முன்கூட்டியே கடிதம் கொடுத்துவிட்டு, அந்த இரண்டு வாரமும் அதே உலையில் நின்று வேலை பார்த்தாள். கடைசி நாள் எல்லோருக்கும் இரண்டு தட்டு நிறைய ரூபார்ப் என்ற புளிப்புத் தண்டு போட்ட இனிப்பு சுட்டுக்கொண்டு போனாள். கர்டுக்குத் தனியாக ஒரு தட்டு. கடிதத்தில் எழுதியது இதுதான்: "இத்தனை வருடம் என்னை வைத்திருந்ததற்கு மனமார்ந்த நன்றி. சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன். எனக்குக் குறை எதுவும் இல்லை."

பிறகு வேலையில்லாதோர் உதவித்தொகைக்கு விண்ணப்பித்தாள். தானாக வேலையை விட்டவர்களுக்கு அது சாதாரணமாகக் கிடைக்காது. வேலை கொடுத்தவர் பக்கம் தவறு இருக்க வேண்டும், அதை அவர்களிடம் முறையிட்டிருக்க வேண்டும், திருத்த அவகாசம் கொடுத்தும் அவர்கள் திருத்தாமல் இருந்திருக்க வேண்டும். உதவித்தொகை அலுவலகம் இவள் கடிதத்தைப் படித்துவிட்டு, குறையே இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே என்று கையை விரித்துவிட்டது. அவர்களைக் குற்றம் சொல்ல முடியுமா?

அதற்குள் கர்ட் போன் செய்து, அவள் இடத்துக்கு இன்னும் நிலையாக யாரும் அமையவில்லை, திரும்பி வரலாமே என்றான். அறுபத்தொரு வயதுக்காரிக்கு இந்தச் சின்ன ஊரில் வேறு வேலை எங்கே இருக்கிறது? "யோசிச்சுச் சொல்றேன்" என்றாள். எங்கள் ஊரில் அதற்கு வருகிறேன் என்று அர்த்தம். உதவித்தொகை வரவில்லையென்றால் அவள் அந்த அறைக்குத்தான் போவாள், அங்கேயே விழுவாள். அந்தப் பயத்தில் மேல்முறையீட்டு மனுவை நானே தட்டச்சு செய்து, அவள் விரலைப் பிடித்து அனுப்பும் பொத்தானை அமுக்க வைத்தேன்.

அக்டோபர் கடைசியில் போனிலேயே விசாரணை நடந்தது. என் சமையலறை மேஜையில் நாங்கள் இருவர், போனின் அந்தப் பக்கம் நீதிபதி அம்மாளும் கர்டும். எடுத்த எடுப்பில், அவள் முறையிட்டதே இல்லை என்று கர்ட் சொல்லிவிட்டான். நான் வாயைத் திறந்தேன். "அவங்க மட்டும் பேசட்டும்" என்று நீதிபதி என்னை அடக்கினார். பாத்திரம் துடைக்கும் துணியைப் பல்லில் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"அறை எவ்வளவு சூடா இருந்துச்சு?"

"வெதுவெதுப்பா இருந்துச்சும்மா."

"மயங்கி விழுந்ததா மனுவுல இருக்கே?"

"கொஞ்சம் உக்காரணும்னு தோணுச்சு. தரையில உக்காந்துட்டேன்."

அவள் கழுத்தை நெரிக்கலாமா என்று இருந்தது எனக்கு. நீதிபதி அந்தக் கடிதத்தை வரி வரியாகப் படித்தார். குறை எதுவும் இல்லை என்ற இடத்தில் நிறுத்தி, அப்படித்தானே எழுதினீர்கள் என்று கேட்டார். ஆமாம் என்றாள். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

"கடைசியா ஒரு கேள்வி. அதே அறைக்கு இப்ப கூப்பிட்டா போவீங்களா?"

தேவைப்பட்டால் போகிறேன் என்று சொல்லப்போகிறாள், எனக்குத் தெரியும். மேஜை விரிப்பை நீவிக்கொண்டிருந்த அவள் கை நின்றது.

"மாட்டேன்."

"ஏன்?"

"உள்ள போனா செத்துப்போயிடுவேன்மா. ரெண்டு தடவயும் செத்துட்டதாவே நெனச்சேன். கண்ண முழிச்சா கர்ட் என் தலையத் தாங்கிப் பிடிச்சிட்டிருந்தான். அவனுக்கு நன்றி சொல்லிட்டு மறுபடி மிஷின்கிட்ட போனேன். எனக்குப் பயமா இருக்கு."

நாற்பது வருடப் பழக்கத்தில் பயம் என்ற சொல்லை அவள் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. கடித்திருந்த துணி என் மடியில் விழுந்தது.

"கர்ட், நீங்கதான் தூக்கினீங்களா?" என்றார் நீதிபதி.

"ஆமாம்மா."

"அவங்க முறையிடவே இல்லைன்னு சொன்னீங்களே?"

அவன் ஒப்புக்கொண்டான்: "மூணு தடவ வந்து சொன்னாங்க. குழாய மாத்தணும்னு மேல எழுதிப் போட்டேன். அடுத்த வருஷம் பாக்கலாம்னுட்டாங்க. நானும் அப்படியே விட்டுட்டேன்."

பத்து நாளில் தீர்ப்பு வந்தது. குறை அவர்களுக்குத் தெரிந்திருந்தது, திருத்தவில்லை, ஆகவே ஆர்லிஸுக்கு உதவித்தொகை பெறத் தகுதி உண்டு. நான் அவள் சமையலறையிலேயே கத்திக் குதித்தேன். அவள் தீர்ப்புக் கடிதத்தை இரண்டு முறை படித்து மடித்து வைத்தாள்.

"இப்ப அந்த அறையில யாரு நிக்கறா?"

"ஹோடன்னு ஒரு பொண்ணாம். போன வாரம் சேர்ந்திருக்கா. தங்கமான பொண்ணு, எதுக்கும் வாயே திறக்க மாட்டாளாம்" என்றேன், கடையில் கேட்டதை அப்படியே.

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. ஆர்லிஸ் எழுந்து போய் கர்டுக்குப் போன் போட்டாள். பனி எப்படி என்று கேட்கவில்லை, அவன் அம்மா நலமா என்றும் கேட்கவில்லை.

"அந்தக் குழாய இன்னிக்கே சரி பண்ணு கர்ட். அந்தப் பொண்ணு உன்கிட்ட எதுவும் சொல்ல மாட்டா."

பதிலுக்குக்கூடக் காத்திராமல் போனை வைத்துவிட்டு, பிரிட்ஜ் கதவிலிருந்த டாக்டர் சீட்டை உருவிப் பையில் போட்டுக்கொண்டு, இல்லத்துக்குப் போகக் கார் சாவியைத் தேடினாள்.